நாய்க்குட்டியை ஆன்லைனில் வாங்கவோ விற்கவோ போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் சிப்பிப்பாறை நாய் இல்லாத வருடம் எனக்கு நினைவில் இல்லை. அதனாலேயே சொந்தக்காரர், அலுவலக நண்பர், நண்பரின் நண்பர் என்று யாராவது ஒருவர் மாதம் தவறாமல் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, "இந்தக் குட்டியை வாங்கலாமா, பாத்துச் சொல்லுங்க" என்பார். பாதிப் பேர் பணத்தை அனுப்பிவிட்டுத்தான் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை. நாய்தான் அதிகம், பூனை, கிளி, ஆமையும் நடுவில் வரும்.

விளம்பரத்தைப் பார்த்த உடனே பொய் என்று தெரிந்துவிடுமா?

பாதி தெரியும். ஊரில் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் சொல்லும் லேப்ரடார் குட்டியை ஒருவர் 3,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்றால், கூடவே ஒரு கதையும் தருவார். மகளுக்கு அலர்ஜி, வீட்டுக்காரருக்கு துபாய்க்கு மாற்றல், அம்மா இறந்துவிட்டார், பார்த்துக்கொள்ள ஆளில்லை. "பணம் முக்கியமில்ல சார், நல்ல வீடு கிடைச்சா போதும்" என்பது அடுத்த வரி. இந்த வரிக்கு இளகாத ஆளை நான் பார்த்ததில்லை.

படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே குட்டி இரண்டு ஊர்களில், மூன்று பெயர்களில் வந்தால் விஷயம் முடிந்தது. எதுவும் வராவிட்டால் படம் உண்மை என்று அர்த்தமில்லை; சிலர் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவார்கள். நீங்களும் ஒரு தடவை திருப்பிப் போட்டுத் தேடுங்கள்.

நான் குட்டியைப் பார்ப்பதற்கு முன் பின்னணியைத்தான் பார்ப்பேன். தரை என்ன தரை, சுவரில் ஸ்விட்ச் போர்டு எப்படி இருக்கிறது, ஓரத்தில் செருப்பு கிடக்கிறதா, பிளாஸ்டிக் குடம் தெரிகிறதா. திருப்பூரில் இருப்பதாகச் சொல்லும் குட்டி தடித்த கம்பளத்தில், கணப்படுப்புக்கு முன்னால் படுத்திருந்தால் அது எந்தத் திருப்பூர் என்று கேளுங்கள்.

விலையே போடாமல் "இன்பாக்ஸ் வாங்க" என்கிறார்கள். அது மோசடியின் அறிகுறியா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தனிநபர்கள் உயிருள்ள விலங்குகளை விற்க ஃபேஸ்புக் அனுமதிப்பதில்லை. விலை போட்டால் பதிவு தூக்கப்படும் என்பதால் நேர்மையாக விற்பவர்களும் "ரீஹோமிங் சார்ஜ்", "டிஎம் பண்ணுங்க" என்று சுற்றி வளைத்து எழுதுகிறார்கள். ஆனால் இதில் உங்களுக்கு ஒரு நஷ்டம் இருக்கிறது. அந்தத் தளம் அனுமதிக்காத வியாபாரத்தை அங்கே செய்துவிட்டு, ஏமாந்தபின் அவர்களிடம் போய்ப் பணத்தை மீட்டுத் தரச் சொல்ல முடியாது.

"குட்டி இலவசம், போக்குவரத்துச் செலவு மட்டும் கொடுங்கள்" என்கிறார். என்ன தப்பு?

என் பெரியம்மா மகன் மாட்டிக்கொண்டது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹஸ்கி குட்டி, தத்துக்கு, பெங்களூரில் இருந்து விமானத்தில் வரும் என்றார்கள். முதலில் 2,500 ரூபாய் போக்குவரத்து. அனுப்பினான். மறுநாள் காலை "கார்கோ" என்ற பெயரில் வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு: குட்டிக்கு ஏசி கூண்டு வேண்டும், 6,800, கூண்டைத் திருப்பிக் கொடுத்ததும் பணம் வந்துவிடும். அனுப்பினான். மதியம் இன்ஷூரன்ஸ் 9,500, அதுவும் ரீஃபண்டபிள். அனுப்பினான். ஆக 18,800 போனபின் மாலையில் "ஹெல்த் கிளியரன்ஸ்" 14,000 கேட்டார்கள். கூடவே ஒரு மிரட்டல்: "குட்டி ஏர்போர்ட்ல தண்ணி இல்லாம கெடக்கு, செத்துப்போனா மிருகவதை கேஸ் உங்க மேலதான் வரும்." அப்போதுதான் எனக்கு போன் செய்தான். குரலில் இருந்தது பணம் போன கவலை இல்லை, குட்டி செத்துவிடுமோ என்ற பயம்.

அவன் முட்டாள் இல்லை. கணக்குப்பிள்ளை வேலை பார்ப்பவன். "திரும்பக் கிடைக்கும்" என்ற ஒரு சொல்தான் அவனைக் கவிழ்த்தது. முதலில் போட்ட 2,500ஐக் காப்பாற்ற 6,800 போட்டான், அதைக் காப்பாற்ற 9,500. இந்த நாடகம் உலகம் முழுக்க ஒரே வசனத்தோடு ஓடுகிறது. கொரோனா காலத்தில் நாய்க்குட்டிக்கு ஆள்கள் அலைமோதிய சமயத்தில் பாசெட் ஹவுண்ட் குட்டிகள் விற்பதாகப் போலி இணையதளங்கள் நடத்தினார் என்று சொல்லி, கேமரூன் நாட்டிலிருக்கும் ஒருவர் மீது 2022 ஏப்ரலில் கூகுள் நிறுவனமே அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது.

இரண்டாவது தடவை பணம் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். கொடுத்தது போனது போனதுதான். அங்கே குட்டி எதுவும் தாகத்தில் கிடக்கவில்லை, குட்டியே இல்லை.

அப்படியானால் வெளியூரிலிருந்து குட்டி நிஜமாக எப்படி வரும்?

சாதாரண கூரியரோ தபாலோ நாய்க்குட்டியை எடுக்காது. ரயிலில் லக்கேஜ் வேனில் நாய்ப்பெட்டி உண்டு, பார்சல் அலுவலகத்தில் பதிய வேண்டும். முதல் வகுப்பு ஏசியில் கூபே எனப்படும் தனி அறை முழுவதையும் எடுத்தால் நாயை உடன் வைத்துக்கொண்டு போகலாம். விமானச் சரக்கில் அனுப்பினால் ஏர்வே பில் என்ற ரசீது கட்டாயம் இருக்கும். அதில் 11 இலக்க எண். முதல் மூன்று இலக்கம் எந்த விமான நிறுவனம் என்பதைக் காட்டும். அந்த எண்ணை விற்பவர் அனுப்பும் லிங்கில் தட்டாதீர்கள்; அந்த விமான நிறுவனத்தின் சரக்குத் தளத்தை நீங்களே தேடிப் போய்த் தட்டுங்கள். "டிராக் பண்ண இந்த ஆப்பை இறக்குங்க" என்று ஏபிகே கோப்பு (ஆப்பை போனில் நேரடியாக ஏற்றும் கோப்பு) அனுப்பினால் தொடவே வேண்டாம். அது குட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லாது, உங்கள் எஸ்எம்எஸ்ஸையும் ஓடிபியையும் அவருக்குச் சொல்லும்.

செல்லப்பிராணிகளை மட்டும் ஏற்றிச் செல்லும் நிறுவனங்கள் இருக்கின்றன. விற்பவர் காட்டும் ஆளை விட்டுவிட்டு நீங்களே ஒன்றைப் பிடித்துப் பேசுங்கள். "எங்க ஆள்தான் அனுப்பணும்" என்று அவர் அடம்பிடித்தால் காரணம் புரிந்திருக்கும்.

நம்மூரில் இன்னொரு வழக்கம், ஆம்னி பஸ். "பஸ்ல போட்டு விடறேன், டிரைவர் நம்பர் தர்றேன், காலைல வாங்கிக்கோங்க." இதில் குட்டி நிஜமாகவே வரும். ஆனால் எப்படி வரும்? ஒருமுறை மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் விடியற்காலை நாலரைக்கு ஒரு நண்பருக்காகப் போய் நின்றேன். டிக்கியைத் திறந்து, பார்சல் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார் கிளீனர். பக்கவாட்டில் ஸ்க்ரூடிரைவரால் குத்திய எட்டு ஓட்டைகள். உள்ளே நனைந்த செய்தித்தாளில் குட்டி தலையைத் தூக்காமல் கிடந்தது. ஈறைத் தொட்டால் பிசுபிசு என்று ஒட்டியது. உடம்பில் நீர் வற்றிப்போனதற்கு அது அடையாளம். பெட்டியை வாங்கிய கணத்திலேயே அந்த வியாபாரம் முடிந்துவிட்டது, அனுப்பியவர் போனை எடுக்கவில்லை. இந்த முறைக்கு நான் என்றைக்கும் சரி சொல்ல மாட்டேன்.

வீடியோ காலில் குட்டியைக் காட்டினார். போதாதா?

என்ன காட்டினார் என்பதைப் பொறுத்தது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய வீடியோவைக் காட்டி "நெட் சரியில்ல" என்று கட் செய்பவர்கள் உண்டு. நீங்கள் சொல்வதைச் செய்யச் சொல்லுங்கள்: குட்டியின் இடது காதைத் தூக்குங்கள், வயிற்றைக் காட்டுங்கள், உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். பால் கொடுத்த நாய்க்கு மடி தொங்கும். கூடப் பிறந்த குட்டிகள் எங்கே என்று கேளுங்கள். "அம்மா நாய் தோட்டத்துல இருக்கு, குட்டிங்க மட்டும் இங்க" என்பவர் பெரும்பாலும் எங்கிருந்தோ வாங்கி விற்கும் இடைத்தரகர்.

வீடியோ கால் ஒரு வடிகட்டிதான். கடைசியில் நேரில் போகத்தான் வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பார்த்த குட்டிக்கு, பார்த்த இடத்தில், சிறிய தொகை கொடுக்கலாம். பார்க்காத குட்டிக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். "இன்னும் மூணு பேர் கேட்டிருக்காங்க, ஆயிரம் போட்டா உங்களுக்கு நிறுத்தி வைக்கிறேன்" என்றால், அந்த மூன்று பேரில் ஒருவருக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

பணம் அனுப்பும்போது திரையில் வங்கிக் கணக்கின் பெயர் வரும். பேசியவர் ஒருவர், பெயர் வேறொருவர் என்றால் நிறுத்திக் கேளுங்கள். "மச்சான் அக்கவுண்ட்" என்ற பதில் வரும். மச்சானின் கணக்குக்கு நான் பணம் அனுப்புவதில்லை.

நான் விற்பவன். வாங்குபவர் க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்கிறார். செய்யலாமா?

கூடாது. யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் தேவையில்லை, ரகசிய பின் எண்ணும் தேவையில்லை. பின் போடுகிறீர்கள் என்றால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகிறது. பணம் வாங்கும் விஷயத்தில் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

இந்த வேடத்துக்கு ஒரு உடுப்பும் உண்டு. "ராணுவத்தில் இருக்கிறேன், கேன்டீன் கார்டு பாருங்க, வேலை நேரத்தில் வர முடியாது, முன்பணம் முழுசா அனுப்பிடறேன்." அடையாள அட்டைப் படம் வரும். ஒரு ரூபாய் அனுப்பி நம்பிக்கை ஏற்படுத்துவார்கள். அப்புறம் க்யூஆர். முன்பு பணம் கேட்கும் கோரிக்கையை நேரடியாக ஆப்புக்கே அனுப்பி, அவசரத்தில் அழுத்த வைப்பார்கள். தனிநபர்களுக்கு இடையிலான அந்த வசதி 2025 அக்டோபரிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால் இப்போது க்யூஆர் கோடும் பொய்யான எஸ்எம்எஸ்ஸும்தான்.

"உங்களுக்கு 15,000 வரவு" என்று எஸ்எம்எஸ் வந்தால் வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று கெஞ்சினாலும் அப்படியே. ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக் குட்டியைத் தூக்கிக் கொடுத்தவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர்.

"45 நாள் குட்டி, எல்லா ஊசியும் போட்டாச்சு" என்கிறார். நம்பலாமா?

என் கணக்கில், ஆன்லைனில் பணத்தைச் சுருட்டுபவனைவிட இந்த ஆள்தான் நம்மூரில் அதிகம். குட்டி நிஜம், வீடு நிஜம், சுற்றிச் சொல்வது பொய்.

முதலில் 45 நாள். தமிழ்நாட்டில் இது ஏதோ சாஸ்திரம் மாதிரி ஆகிவிட்டது. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த 2017ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. அதாவது 56 நாள். இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கேட்டுப் பாருங்கள், பலருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

அந்த 45 நாளும் பல சமயம் 30 நாள்தான். வாயைத் திறந்து பாருங்கள். மூன்று, நான்கு வாரத்தில் முன்பற்கள் எட்டிப் பார்க்கும். எட்டு வாரத்தில் பால் பற்கள் 28ம் கிட்டத்தட்ட வந்திருக்கும், ஊசி மாதிரி குத்தும். கடைவாயில் வெறும் ஈறு மட்டும் இருந்தால் குட்டி இன்னும் தாயிடம் இருக்க வேண்டியது.

அடுத்து ஊசி. குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்களான பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டுக்குமான கூட்டு ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போகும். ரேபிஸ் ஊசி மூன்றாவது மாதம். ஆக, 45 நாள் குட்டிக்கு "ரேபிஸ் உட்பட எல்லாம் முடிஞ்சது" என்று ஒருவர் சொன்னால், அவர் வாயாலேயே மாட்டிக்கொண்டார்.

தடுப்பூசிப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். மெடிக்கல் கடையிலேயே வெற்றுப் புத்தகம் கிடைக்கும், அது பெரிய விஷயம் இல்லை. ஊசி போட்ட பக்கத்தில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அதில் பேட்ச் எண், காலாவதி தேதி. அதன் மேல் டாக்டரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண். எனக்கு ஒருவர் காட்டிய புத்தகத்தில் நான்கு குட்டிகளின் பக்கங்களிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில் "வேக்சின் டன்" என்று மட்டும் எழுதியிருந்தது. டாக்டர் யார் என்றேன். "அது எங்க மாமா" என்றார். டாக்டரின் எண்ணை வாங்கி ஒரு போன் போட்டால் இரண்டு நிமிட வேலை.

வாங்கிய நான்காம் நாள் குட்டி இறந்துவிட்டது. விற்றவர் பொறுப்பில்லையா?

பார்வோவாக இருக்கலாம். கிருமி தொற்றி பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில், சில சமயம் இரண்டு வாரத்தில் வாந்தியும் ரத்தம் கலந்த நாற்றமடிக்கும் கழிச்சலும் ஆரம்பிக்கும். நான்காம் நாள் என்றால் விற்ற வீட்டிலேயே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அவர் "உங்க வீட்டுலதான் வந்திருக்கும், நான் குடுக்கும்போது துள்ளிச்சு" என்பார்.

அதனால் குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே கால்நடை டாக்டரிடம் காட்டி ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். எடை, காய்ச்சல், கழிச்சல், பூச்சி, காது எல்லாம். தேதி போட்ட அந்தச் சீட்டு உங்களுக்குப் பின்னாளில் பெரிய உதவி. நோய் வந்தால் பரிசோதனை முடிவு, சிகிச்சை பில், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் வைத்திருங்கள். தொழிலாக விற்பவர் மீது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. முதலில் ஆலோசனை வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாங்கும்போதே ஒரு வெள்ளைத் தாளில் "ஏழு நாளில் பார்வோ, டிஸ்டெம்பர் வந்தால் பணம் திரும்பத் தரப்படும்" என்று எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். நல்ல வளர்ப்பாளர் முகம் சுளிக்காமல் போடுவார். இன்னொன்று, வீட்டில் ஒரு குட்டி பார்வோவில் இறந்திருந்தால் அந்த இடத்தில் உடனே இன்னொரு தடுப்பூசி முடிக்காத குட்டியைக் கொண்டுவராதீர்கள். அந்த வைரஸ் மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும்.

கேசிஐ பேப்பர் இருக்கிறது, அதனால் விலை இரண்டு மடங்கு என்கிறார்.

கேசிஐ என்பது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, தலைமையிடம் சென்னை. அவர்கள் கொடுக்கும் சான்று குட்டியின் பரம்பரையைச் சொல்லும், உடல்நலத்தைச் சொல்லாது. அப்படிப் பேப்பர் உள்ள நாயின் தோலுக்கடியில் அரிசி மணி அளவு மைக்ரோசிப் இருக்கும், அதற்கு 15 இலக்க எண். டாக்டரிடம் ஸ்கேனர் இருக்கும். நாய் மேல் வைத்து, பேப்பரில் உள்ள எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். "பேப்பர் அப்புறம் போஸ்ட்ல வரும்" என்றால் பேப்பருக்கான கூடுதல் விலையையும் அப்புறமே கொடுப்பதாகச் சொல்லுங்கள்.

"தாய்லாந்து இம்போர்ட்", "ரஷ்யா லைன்" என்று பெருமை பேசுவார்கள். வணிகத்துக்காக நாய்களை இறக்குமதி செய்வதை 2016 ஏப்ரலிலேயே மத்திய அரசு கட்டுப்படுத்திவிட்டது. இறக்குமதிக் காகிதம் எங்கே என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

டீகப், பஞ்ச் ஃபேஸ், ஹெவி போன் (தடித்த எலும்பு)... இதெல்லாம் உண்மையான ரகங்களா?

விலை ஏற்றும் வார்த்தைகள். "டீகப்" என்று ஒரு நாயினம் எந்த கென்னல் கிளப்பிலும் கிடையாது. மாதம் குறைவான குட்டியையும் சோறு குறைத்து வளர்த்த குட்டியையும் அந்தப் பெயரில் விற்பார்கள். நம் ஊர்களில் பொமரேனியன் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்தியன் ஸ்பிட்ஸ். ஸ்பிட்ஸ் அருமையான நாய், ஆனால் ஸ்பிட்ஸ் விலைக்கு வாங்குங்கள். பெர்சியன் பூனையில் மூக்குச் சப்பையாக இருந்தால் "பஞ்ச் ஃபேஸ்", விலை ஏறும். அதே சப்பை மூக்கால் கண்ணில் நீர் வடிவதும் மூச்சு இரைப்பதும் உண்டு என்பதை விளம்பரத்தில் எழுத மாட்டார்கள்.

நாட்டு நாயிலும் இது நடக்கிறது. வெள்ளைத் தெரு நாய்க் குட்டியை ராஜபாளையம் என்பார்கள். ஒன்றரை மாதத்தில் எனக்கே வித்தியாசம் சொல்ல வராது; தாயையும் தகப்பனையும் பார்த்தால்தான் தெரியும். ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. குட்டி தன்பாட்டுக்கு விளையாடும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். மற்ற குட்டிகள் திரும்பி, இது மட்டும் திரும்பாவிட்டால் யோசியுங்கள். கறுப்பு உடலில் பழுப்புப் புள்ளிகள் உள்ள நாயைச் சிப்பிப்பாறை என்றால், அதைக் கன்னி என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள்.  

கிளி, ஆமை விளம்பரங்கள் நிறைய வருகின்றனவே?

பச்சைக்கிளி, மைனா, நட்சத்திர ஆமை மூன்றும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது, கூண்டில் வைத்திருக்கவும் கூடாது. மோசடிக்காரனுக்கு இது பெரிய வசதி. நட்சத்திர ஆமைக்கு அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்தவர் எந்த ஸ்டேஷனுக்குப் போய் என்ன சொல்வார்? சில சமயம் பணம் வாங்கிய ஆளே அடுத்த நாள் வேறு எண்ணிலிருந்து "வனத்துறை" என்று பேசி, வழக்கு வராமல் இருக்க இன்னொரு தொகை கேட்பான்.

வெளிநாட்டுப் பறவைகளில் பட்ஜி, காக்கட்டீல் பற்றிப் பயமில்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, சன் கன்யூர் கிளி போன்றவை, அரிய உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. 2024 விதிகளின்படி அப்படிப்பட்டவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் பதிவு இல்லையென்றால் அந்தத் தலைவலி பறவையோடு சேர்ந்து உங்கள் வீட்டுக்கு வரும்.

"பிரீடிங் பேர்" (குஞ்சு பொரிக்கும் ஜோடி) என்று இரண்டு ஆணைக் கொடுத்துவிடுவது பழைய வேலை. கன்யூரில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும். இறகை வைத்துச் செய்யும் டிஎன்ஏ சோதனைதான் வழி. அந்தச் சான்றில் கால் வளைய எண் இருக்கும். மூடிய வளையத்தைக் குஞ்சாக இருக்கும்போதுதான் காலில் ஏற்ற முடியும், வளர்ந்தபின் ஏறாது. சான்றில் உள்ள எண்ணும் காலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

குட்டிகளை இலவசமாகத் தத்துக் கொடுக்க நினைக்கிறேன். இதில் என்ன மோசடி இருக்க முடியும்?

உங்களுக்கு நஷ்டமில்லை, குட்டிக்குத்தான். இலவசமாக வாங்கி அடுத்த வாரம் விற்பவர்கள் இருக்கிறார்கள். பெண் குட்டி மட்டும் வேண்டும், இனம் எது என்று மட்டும் கேட்கிறார், கருத்தடை செய்வீர்களா என்றால் பேச்சை மாற்றுகிறார் என்றால், அவர் குட்டி போட வைத்து விற்கும் ஆள். வீட்டு முகவரியை வாங்கி நீங்களே கொண்டுபோய் விடுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். பையன் ஆசைப்பட்டு அம்மாவுக்குத் தெரியாமல் எடுப்பது பாதி வீட்டில் நடக்கிறது, அந்தக் குட்டி பத்தாம் நாள் தெருவுக்கு வரும். சென்னையில் 1959 முதல் இயங்கும் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளிடம் தத்து எடுக்கப் போனால் அவர்களும் உங்களைக் குடைந்து கேட்பார்கள். கோபப்படாதீர்கள், அது நல்ல அடையாளம்.

பணம் போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

இந்தப் பக்கத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டு 1930க்கு அழையுங்கள். நாடு முழுவதற்கும் அதுதான் சைபர் மோசடிக்கான எண். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியலாம். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கும், எடுக்கப்படுவதற்கு முன் எங்காவது முடக்கினால்தான் உண்டு. அதனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் எல்லாம். பரிவர்த்தனை எண், தேதி, நேரம், அவர் யுபிஐ ஐடி, போன் எண் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வங்கிக்கும் தனியாகச் சொல்லுங்கள். உரையாடலை அழித்துவிடாதீர்கள், ஆத்திரத்தில் அவரைத் திட்டி பிளாக் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்பட்டு மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு உங்களுடையதில்லை என்ற ரிசர்வ் வங்கியின் 2017 விதியைச் சிலர் நம்பிக்கொண்டிருப்பார்கள். நீங்களே பின் போட்டு அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது. ஆனாலும் புகார் வேண்டும். 2024 ஜூலை முதல் ஏமாற்றுக்கான பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318. நாம் வாய்க்கு வாய் சொல்லும் 420 இப்போது சட்டப் புத்தகத்தில் இல்லை.

புகார் கொடுத்த சில நாளில் "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், கட்டணம் 2,000" என்று யாராவது அழைக்கக்கூடும். அதே கும்பல்தான், அல்லது அவர்களிடம் உங்கள் எண்ணை விலைக்கு வாங்கிய கும்பல்.

நாய்க்குட்டிக்கு ஏமாந்தேன் என்று போலீஸில் சொன்னால் சிரிப்பார்களோ?

ஒருவேளை சிரிக்கலாம். புகாரைப் பதியச் சொல்லுங்கள், சிரிப்பு அவர்கள் பாடு.

காணாமல் போன என் நாயைப் பற்றிப் பதிவு போட்டேன். "உங்க நாய் கிடைச்சிருச்சு, அடிபட்டிருக்கு, ஆஸ்பத்திரிக்கு 5,000 அனுப்புங்க" என்று போன் வந்தது.

இதைவிடக் கொடுமை வேறில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் யாரும் அனுப்பிவிடுவார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேளுங்கள், அதன் எண்ணை நீங்களே தேடி அழைத்து அப்படி ஒரு நாய் வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். டாக்டருக்கு நேராகப் பணம் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

பதிவு போடும்போதே ஒரு அடையாளத்தை மறைத்து வையுங்கள். எங்கள் நாய் ஒருமுறை தீபாவளி வெடிக்குப் பயந்து ஓடிவிட்டது. படத்தையும் நிறத்தையும் போட்டேன், வலது பின்னங்காலில் ஒரு நகம் மட்டும் வெள்ளையாக இருக்கும் என்பதைப் போடவில்லை. நாய் தன்னிடம் இருப்பதாக மூன்று பேர் அழைத்தார்கள். "பின்னங்கால் நகத்தைப் பாத்துச் சொல்லுங்க" என்றதும் இருவர் போனை வைத்துவிட்டார்கள். மூன்றாமவர், ஒத்தக்கடையில் டீக்கடை வைத்திருப்பவர், "இருங்க தம்பி, படுத்திருக்கு, எழுப்பிப் பாக்கறேன்" என்றார்.